மங்கையர் நெட்டோட்டமும் பல்கலைக்கழகப் பயிற்றுநரும்

விரைவோட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். நெட்டோட்டமோ பல மாதப் பயிற்சியின் விளைவு. ஆதலின் நெட்டோட்டத்தில் பயிற்றுநரின் பங்கு பெரிது; பெண்களின் நெட்டோட்டத்தில் அது இன்னும் பெரிது. பெண்ணுடலைப் பற்றி விளையாட்டுலகம் கொண்டிருந்த தவறான எண்ணங்களைப் பயிற்றுநர் முதலில் தம் உள்ளத்திலிருந்தே களைய வேண்டியிருந்தது. இதனை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆனால் ஓடி முடித்த பெண்கள் களைத்துச் சாய்ந்ததையே செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தின. ஆடவரும் ஓட்டம் முடிந்தபின் தரையில் சாய்வதுண்டு. அதனை வீரம் என்றனர். பெண் சாய்ந்தபோது அதற்குப் பெயர் பலவீனம்! அந்த ஓட்டம் நீக்கப்பட்டு, 1960இல் ரோம் ஒலிம்பிக்கில்தான் மீண்டும் இடம்பெற்றது.

இவ்வெண்ணம் பயிற்றுநர் ஒருவரிடம் எவ்வாறு உடைந்தது என்பதற்குச் சிராக்யூஸ் பல்கலைக்கழக நிகழ்ச்சி நல்ல சான்று. 1966இல் அங்குப் பயின்ற கேத்ரின் சுவிட்சர் என்னும் மாணவி ஓட விரும்பினார். பெண்களுக்கென அணி இல்லாமையால் ஆடவர் அணியுடன் பயிற்சி செய்ய இசைவு பெற்றார். அவருக்குத் துணையாக ஓடியவர் ஆர்னி பிரிக்ஸ். ஐம்பது வயதினர், பல்கலைக்கழகத்தின் அஞ்சல்காரர், பாஸ்டன் மாரத்தானில் பலமுறை ஓடியவர். பனி பொழியும் மாலைகளில் மாணவியுடன் ஓடிக்கொண்டே அவ்வோட்டக் கதைகளைச் சொல்லி வந்த அவரே, 42 கிலோ மீட்டரைப் பெண்ணால் ஓட இயலாது என்றும் வாதிட்டார். எனினும் ஒரு நிபந்தனை விதித்தார்: பயிற்சியில் அத்தொலைவை ஓடிக் காட்டினால் தாமே பாஸ்டனுக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னார். இருவரும் ஓடினர். 26 மைல் முடிந்ததும் மாணவி இன்னும் 5 மைல் ஓடலாம் என்றார். 31 மைல் முடிவில் மயங்கியவர் மாணவி அல்லர், பயிற்றுநர்! முறைப்படி பெயரைப் பதிவு செய்துகொண்டே ஓட வேண்டும் என்று அதன்பின் வற்புறுத்தியவரும் அவரே. 1967 ஏப்ரல் 19 அன்று 261ஆம் எண் அணிந்து ஓடிய சுவிட்சரைப் போட்டி அலுவலர் ஒருவர் பற்றி இழுத்து எண்ணைப் பறிக்க முயன்ற படம் உலகெங்கும் பரவியது. அவர் ஓட்டத்தை முடித்தார். பாஸ்டன் மாரத்தான் 1972இல்தான் பெண்களை முறைப்படி ஏற்றது.

அதே 1972இல், நடுவண் அரசின் நிதியுதவி பெறும் கல்வித் திட்டங்களில் பாலின வேறுபாடு கூடாது என்னும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. ‘டைட்டில் நைன்’ என வழங்கும் இச்சட்டத்தால் பெண்கள் அணிகள் பெருகின. 1981 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் மகளிர்க்குக் கிராஸ் கன்ட்ரி போட்டியை நடத்தி வருகின்றது. (இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நாடு கடத்தப்பட்டவரின் ஓட்டம் போலாகிவிடும், ஆகவே அப்படியே விட்டுவிட்டோம்.) 1989 முதல் 1994 வரை வில்லனோவா பல்கலைக்கழக மகளிர் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டம் வென்றனர். ஓடும் தொலைவு 2000ஆம் ஆண்டில் 5 கிலோ மீட்டரிலிருந்து 6 ஆயிற்று. ஆயினும் சட்டத்திற்குமுன் மகளிர் அணிப் பயிற்றுநருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களாக இருந்த நிலை மாறியது. ஊதியமும் மதிப்பும் உயர உயர அப்பணிகளுக்கு ஆடவர் வந்தனர். பெண் பயிற்றுநர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

இங்கேதான் இரண்டாம் இடர் தோன்றியது. பெண்ணால் ஓடவே இயலாது என்ற எண்ணம் போய், எடை குறைந்தால் விரைவு கூடும் என்ற எண்ணம் வந்து அமர்ந்தது. அணியினர் பார்க்க எடை பார்க்கும் வழக்கம் சில இடங்களில் வேரூன்றியது. உணவைக் குறைக்கும் மாணவி முதற்பருவத்தில் விரைந்து ஓடுவதும் உண்டு, பாராட்டும் கிடைக்கும். ஆனால் ஓட்டத்திற்குச் செலவானது போக எஞ்சும் ஆற்றல் போதாதபோது உடல் தன் செலவைச் சுருக்குகின்றது. முதலில் நிற்பது மாதவிடாய். அதனோடு ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைகின்றது. எலும்பின் திண்மை குறைகின்றது. தாடை விடுத்துக் கால், இடுப்பு எலும்புகளில் மயிரிழை முறிவுகள் காண்கின்றன. எலும்பு தன் முழுத் திண்மையைச் சேர்த்துக்கொள்ளும் காலமும் கல்லூரிப் பருவத்தை ஒட்டியதே என்பதால் இவ்விழப்பைப் பின்னர் முற்றிலும் ஈடுசெய்தல் அரிது. ஆற்றல் குறைவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்புத் தேய்வு என்னும் மூன்றின் தொடர்பையும் விளையாட்டு மருத்துவர்கள் 1990களில் தெளிவாக வரையறுத்தனர். 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதனை விரித்து, ஆடவர்க்கும் இக்குறை நேரும் என்றது.

மாதவிடாய் நின்றால் பயிற்சி செவ்வையாக நடக்கின்றது என்று பொருள் கொண்ட பயிற்றுநரும் முன்பு இருந்தனர். உண்மையில் அது எச்சரிக்கை மணி. ஆனால் அதனை ஆடவரான பயிற்றுநரிடம் சொல்ல மாணவி கூசுவாள். இது எந்நாட்டுக்கும் பொது. ஆகவே அணியில் பெண் துணைப் பயிற்றுநரோ மருத்துவரோ இருத்தல் அணிகலன் அன்று, தேவை. எடைப் பொறியை அகற்றிவிட்டு உறக்கம், பசி, களைப்பு ஆகியவற்றைக் கேட்டறியும் பயிற்றுநர் மிகுதியாக அறிகின்றார். இரும்புச்சத்தைக் குருதிச் சோதனையால் அறிதலும் வேண்டும். நாள்தோறும் கடுமையாக ஓடச் செய்தலும் தவறு. வாரத்தின் பெரும்பகுதி, ஓடிக்கொண்டே தோழியுடன் பேசக்கூடிய மெல்லோட்டமாகவே அமைய வேண்டும். எலும்பில் வலி கண்டவளை நீச்சல் குளத்தில் நீருக்குள் ஓடச் செய்து காப்பர்.

போட்டியின் கணக்கும் இதனையே சொல்கின்றது. கிராஸ் கன்ட்ரியில் அணிக்கு எழுவர் ஓடுவர். முதல் ஐவர் பெற்ற இடங்களைக் கூட்டிக் குறைந்த தொகை பெற்ற அணி வெல்லும். முதலாவதாக வருபவள் தரும் புள்ளி ஒன்று. அதே அணியின் ஐந்தாமவள் நூறாம் இடத்தில் வந்தால் நூறு சேரும். பருவம் தொடங்கும் செப்டம்பரில் மெலிந்து விரைந்த மாணவி, இறுதிப் போட்டி நடைபெறும் நவம்பரில் ஊன்றுகோலுடன் கயிற்றுக்கு வெளியே நின்றால், அணியின் கணக்கில் ஆறாமவளின் புள்ளி ஏறும்.