கோழிகளை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?

இடம்பெயர்ந்து பிறர் வளவில் குடியிருப்போருக்கு வரும் கேள்வி இது. விற்றால் கைக்கு நாலு காசு. வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு முட்டை.

முதலில் தீனியைக் கணக்கிடுவோம். வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் வேண்டும். சொந்த வளவில் அதிற் பெரும்பகுதியை அதுவே கிளறித் தின்றுவிடும். ஒடுங்கிய காணியிலோ 10 கோழிக்கு ஒரு கிலோவை நாமே போடவேண்டும். போடாவிட்டால் அயலவரின் கத்தரி நாற்றுக்குப் போகும், பிறகு சண்டைதான்.

அதற்காக எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள். குஞ்சுகளைப் பருந்துக்குக் கொடுக்காமல் வளர்த்தெடுத்த பேடுகள் இரண்டும் ஒரு சேவலும் விதைநெல் போல நிற்கட்டும். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு. மற்றவற்றை வளவுள்ள உறவினரிடம் பங்குக்கு விடலாம். குஞ்சில் பாதி உங்களுக்கு. உறவென்றாலும் இதை முன்னரே பேசிவிடுவது நல்லது.

அடைகிடக்கும் பேட்டைக் குஞ்சு பொரிக்கும்வரை அசைக்கவேண்டாம். தூங்கிவழிந்து பச்சையாய்க் கழியும் கோழியை யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது. இராணிக்கெற் நோய் ஒரு கோழியோடு போய் ஊர்க்கூடுகளையெல்லாம் வெறுமையாக்கிவிடும். நல்ல கோழியையும் இரவிற் கூடையில் கொண்டுபோய், இரண்டு கிழமை புறம்பாக அடைத்து வையுங்கள். இடம் மாறினால் சில நாள் முட்டை நிற்கும். அதைக் கண்டு கறிச்சட்டியைத் தேடவேண்டாம்.