ஆட்டோகிளேவ் இன்றி உறுதியான பாகங்கள்

ரப்பர்ப் பால் உறைந்து தாளாகும் விந்தையை நம் தோட்ட மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாலில் அமிலம் கலந்து உறைந்த பின்னர் அதனை மீண்டும் பாலாக்க இயலாது. புகையூட்டிய தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள்; உள்ளே குமிழிகள் தென்பட்டால் தரம் தாழ்ந்துவிடும். இவ்விரு உண்மைகளையும் மனத்தில் கொண்டால், விமானம் முதல் மீன்பிடிப் படகு வரை இன்று பயன்படும் இழைக் கூட்டுப்பொருள்களைப் பற்றி அறிந்துகொள்வது கடினமன்று.

இழைக் கூட்டுப்பொருள் என்பது யாது? கண்ணாடி இழை அல்லது கரி இழையாலான துணியைப் பல அடுக்குகளாக வைத்து, அவற்றைப் பிசினால் பிணைத்து இறுகச் செய்த பொருளே அது. இழை பாரத்தைத் தாங்குகிறது; பிசின் இழைகளை இடம் பெயராமல் பற்றிக்கொள்கிறது. லாரியின் டயரும் ஒருவகையில் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ரப்பரினுள் நூல் இழைகளும் எஃகுக் கம்பிகளும் பொதிந்திருப்பதனால்தான் அது பாரம் தாங்குகிறது.

பிசினில் உறைப்பான் கலந்தவுடன் அது இறுகத் தொடங்கும். இறுகியபின் உருக்கித் திருத்த வழியில்லை. அதனுள் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் அவ்விடத்தில் வலிமை குறையும். பாரம் ஏறி இறங்க, அங்கிருந்து அடுக்குகள் பிரியக்கூடும். விமான பாகங்களில் இத்தகைய வெற்றிடம் நூற்றுக்கு ஓரிரு பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்பது பொதுவான கட்டுப்பாடு.

குமிழியை ஒழிக்கப் பன்னெடுங்காலமாகக் கையாளப்படும் கருவி ஆட்டோகிளேவ். மருத்துவமனைகளில் கருவிகளின் கிருமிகளை அழிப்பதற்கும், பழைய டயருக்குப் புதிய மேற்பட்டை ஒட்டுவதற்கும் பயன்படும் அழுத்தக் கலனின் பெரிய வடிவமே இது. விமான பாகங்களை இதனுள் வைத்து, ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல் ஆறு ஏழு மடங்கு அழுத்தமும் கொடுப்பது வழக்கம். அவ்வழுத்தத்தில் குமிழிகள் நசுங்கி மறைகின்றன.

பயன் பெரிதுதான், செலவோ அதனினும் பெரிது. கலனின் விலை, மின்சாரம், உள்ளே நிரப்பும் நைட்ரஜன் வாயு ஆகியவை ஒருபுறமிருக்க, கலனைவிடப் பெரிய பாகத்தைச் செய்யவே இயலாது. மேலும், ஒரு பாகம் உள்ளே இருக்கும்போது மற்றவை வெளியே காத்துக் கிடக்க வேண்டும். ஆகவே, ஆட்டோகிளேவ் இன்றியே நல்ல பாகம் செய்யும் வழிகளை அறிஞர்கள் வகுத்துள்ளனர். அவற்றுள் மூன்றை இங்குக் காண்போம்.

முதலாவது, வெற்றிட முறையில் பிசின் பாய்ச்சுதல். மெழுகிட்ட அச்சின்மேல் உலர்ந்த இழைத் துணியைப் பரப்பி, அதன்மேல் எளிதில் உரிந்து வரும் துணியையும் பிசின் பரவுவதற்கான வலையையும் இட்டு, நெகிழித் தாளால் மூடி ஓரங்களை ஒட்டுவார்கள். பின்னர்ப் பம்பைக் கொண்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். அப்போது வெளிக்காற்று ஒவ்வொரு சதுர மீட்டரின்மீதும் ஏறத்தாழ 10 டன் விசையுடன் அழுத்துகிறது. காசில்லாமல் கிடைக்கும் இவ்வழுத்தமே பிசினை உள்ளே தள்ளி, இழை முழுவதும் நனையச் செய்கிறது. காற்றாலைகளின் நீண்ட இறக்கைகள் இம்முறையிலேயே பெரிதும் செய்யப்படுகின்றன. 2000ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்ட சுவீடனின் விஸ்பி போர்க்கப்பலின் 70 மீட்டருக்கும் மேற்பட்ட உடலும் இவ்வாறு உருவானதே. 2017ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த ரஷ்யாவின் எம்எஸ்-21 பயணிகள் விமானத்தின் இறக்கையும் ஆட்டோகிளேவ் இன்றி இம்முறையில் செய்யப்பட்டது.

இரண்டாவது, மூடிய அச்சு முறை. இரு பகுதிகளாலான அச்சினுள் இழையை வைத்து மூடி, பிசினை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். பாகத்தின் இருபுறமும் வழவழப்பாக அமையும். சில நிமிடங்களில் அடுத்த பாகத்தைத் தொடங்கலாம். 2013ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரின் கரி இழைப் பாகங்களுக்கு இம்முறை கைகொடுத்தது.

மூன்றாவது, முன்பே பிசின் ஊட்டிய துணியை வெற்றிடப் பையில் இட்டுச் சாதாரண அடுப்பில் இறுக்குதல். இத்துணியில் பிசின் முழுமையாக ஊறியிராது. உலர்ந்த இழைகளின் இடைவெளியே காற்று வெளியேறும் பாதையாகும். ஆதலின் அடுப்பில் ஏற்றுமுன் பல மணி நேரம் காற்றை உறிஞ்சிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இங்குதான் பொறுமை தேவைப்படுகிறது. ஆட்டோகிளேவில் சிறு பிழைகளை அழுத்தம் ஓரளவு மறைத்துவிடும். இம்முறைகளில் மறைக்க ஆளில்லை. தண்ணீர் 100 பாகையை எட்டும்போது அதன் ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்திற்கு ஈடாகிறது. பையின்மேல் இருப்பதும் அவ்வளவு அழுத்தமே. எனவே ஈரம் எஞ்சியிருந்தால் அது குமிழியாகும். நம் நாட்டைப் போன்ற ஈரக்காற்று மிக்க இடங்களில் வேலைக்கூடத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். குளிரறையில் வைத்த துணிச் சுருளை, அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை உறையைப் பிரிக்காமல் காத்திருக்க வேண்டும். பிசினைத் திறந்துவிடுமுன் பம்பை மூடி, வெற்றிடம் குறைகிறதா எனச் சோதித்தல் இன்றியமையாதது. ஊசித் துளையளவு கசிவு ஒரு முழுப் பாகத்தையே வீணாக்கிவிடும்.

தொழிலாளியின் உடல்நலமும் கருதத்தக்கது. திறந்த அச்சில் தூரிகையால் பிசின் பூசும்போது, சிலவகைப் பிசின்களிலிருந்து ஸ்டைரீன் ஆவி எழும். அது கண்ணையும் மூச்சையும் உறுத்தும். மூடிய முறைகளில் இத்தொல்லை வெகுவாகக் குறைகிறது. எனினும் கையுறை, மூச்சுக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை ஒதுக்குதல் கூடாது. உறைப்பான் கலந்த பிசினை வாளி நிறைய வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும், தீயும் பற்றலாம். வேண்டிய அளவே கலத்தல் வேண்டும்.

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டில் தோன்றிய சிடிஆர்எம் நிறுவனம், மலாக்கா பத்து பெரெண்டாமில் விமான பாகங்களைச் செய்து வந்திருக்கின்றது. அத்தகைய பெருநிறுவனங்களுக்கு ஆட்டோகிளேவ் இயலும். ஆனால் படகு, தண்ணீர்த் தொட்டி, வாகன மேற்கூடு ஆகியவற்றைச் செய்யும் சிறு பட்டறைக்கு ஒரு பம்பும், நல்ல அச்சும், பயின்ற கைகளுமே முதலீடு. இயந்திரத்தின் விலை எட்டாது என்று ஒதுங்கி நின்ற நம் இளைஞர்களுக்கு இது திறந்திருக்கும் ஒரு வாயில்.

குமிழியில்லாத தாளைத் தந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கவனமும் பொறுமையும் புதியன அல்ல. தொழிற்பயிற்சி பெற விரும்பும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இத்துறையையும் எடுத்துச் சொல்வார்களாக.