அரசியல் நிலைப்பாட்டு மாற்றம்

அரசியல் நிலைப்பாட்டு மாற்றம் என்பது ஓர் அரசியல் தலைவரோ கட்சியோ ஒரு பொதுப் பிரச்சினையில் முன்பு கொண்டிருந்த கருத்தைக் கைவிட்டு வேறொரு கருத்தை ஏற்பதைக் குறிக்கும். தேர்தல் காலத்தில் எதிர்த்தரப்பினர் அடிக்கடி கையிலெடுக்கும் ஆயுதம் இது. "அன்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு", "பல்டி அடித்துவிட்டார்", "பச்சோந்தி" போன்ற தொடர்கள் தமிழ்நாட்டு மேடைகளில் இதையொட்டியே வழங்குகின்றன. கருத்து மாறியது என்பது மட்டுமே ஒருவரைக் குறை கூறப் போதுமானதன்று. எப்போது மாறினார், ஏன் மாறினார், முன்பு பதவியில் இருந்தபோது என்ன செய்தார் என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாக்காளர் சரியான முடிவுக்கு வர இயலும்.

பிரித்து அறிய வேண்டிய மூன்று

தேர்தல் விவாதங்களில் மூன்று வேறுபட்ட செய்திகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதலாவது, நிலைப்பாட்டு மாற்றம். இது கருத்து தொடர்பானது.

இரண்டாவது, கட்சித் தாவல். இது உறுப்பினர் பதவி தொடர்பானது. 1967ஆம் ஆண்டு அரியானா சட்டமன்ற உறுப்பினர் கயா லால் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்னும் தொடர் அதிலிருந்தே இந்திய அரசியலில் புழக்கத்துக்கு வந்தது. 1985இல் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்து, கட்சி தாவும் உறுப்பினர் பதவி இழக்க வழி செய்தது. ஆனால் கருத்தை மாற்றிக்கொண்டதற்காக ஒருவரைத் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. அதனை எடைபோடும் பொறுப்பு வாக்காளருடையது.

மூன்றாவது, கடந்தகால நடத்தை. பதவியில் இருந்தபோது ஒருவர் பிறப்பித்த ஆணை, பயன்படுத்திய சட்டம், மன்றத்தில் அளித்த வாக்கு ஆகியவை இதில் அடங்கும். கருத்தைத் திருத்திக்கொள்ள முடியும். நடந்து முடிந்த செயலின் விளைவைத் திரும்பப் பெற முடியாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு, இந்தி மொழி குறித்து இராஜாஜி கொண்டிருந்த நிலைப்பாடாகும்.

இராஜாஜியும் இந்தியும்

சி. இராஜகோபாலாச்சாரி 1937ஆம் ஆண்டு சூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் மாகாண அரசின் தலைமை அமைச்சர் அவ்வாறே அழைக்கப்பட்டார். 1938 ஏப்ரல் 21 அன்று வெளியான அரசாணை, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கியது. விடுதலை இயக்கம் நாட்டை இணைக்க ஒரு பொதுமொழி வேண்டும் என்று கருதிய காலம் அது. தென்னிந்திய மாணவர்களின் வேலைவாய்ப்புக்கும் இந்தி உதவும் என்பது அவர் தரப்பு வாதம்.

ஆணையை எதிர்த்துப் பெரியார், மறைமலை அடிகள், சோமசுந்தர பாரதியார், கி. ஆ. பெ. விசுவநாதம் முதலியோர் களத்தில் இறங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பெண்களும் சிறை சென்றனர். அவர்களுள் சிலர் கைக்குழந்தைகளுடன் சென்றனர். மறியல் செய்தவர்கள்மீது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. ஆங்கிலேயர் அதே சட்டத்தைக் காங்கிரஸ் தொண்டர்கள்மீது பயன்படுத்தியபோது, அதனை அடக்குமுறைச் சட்டம் என்று கண்டித்தது காங்கிரஸ் கட்சியே. சிறைப்பட்டிருந்த இளைஞர்களான நடராசனும் தாளமுத்துவும் 1939ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் உயிரிழந்தனர். சென்னை எழும்பூரில் உள்ள தாளமுத்து நடராசன் மாளிகை இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் கட்டாய இந்தியை விலக்கினார்.

பின்னாளில் இராஜாஜி இந்தியை ஒரே ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்தார். 1950களின் பிற்பகுதியிலேயே, மத்திய அரசின் ஆட்சிமொழியாக ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். விடுதலைக்குப் பின் ஆட்சியும் வேலைவாய்ப்பும் ஒரு பகுதியினரின் தாய்மொழியில் அமைந்தால், இந்தி பேசாதோர் நிரந்தரமாகப் பின்தங்குவர் என்பது அவர் கூறிய காரணம். 1965 சனவரி 26இல் இந்தி ஆட்சிமொழியாக நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், தமிழ்நாட்டில் மாணவர் போராட்டம் வெடித்தது. அப்போதும் இராஜாஜி இந்தித் திணிப்புக்கு எதிரான பக்கமே நின்றார்.

அவ்வாண்டில் பெரியார் நின்ற இடமும் கவனிக்கத்தக்கது. 1938இல் போராட்டத்தின் தலைவராக இருந்த அவர், 1965 போராட்டத்தை ஆதரிக்கவில்லை. 1954இல் காமராசர் முதலமைச்சரானது முதல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை ஆதரித்துவந்த அவர், அந்த ஆட்சியைக் குலைக்கும் கிளர்ச்சியாகவே அதனைக் கண்டார். கால் நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடம் மாறியிருந்தனர். இராஜாஜியின் பழைய ஆணையை மட்டும் எடுத்துக்காட்டி இதனை மறைப்பதும், பெரியாரின் மாற்றத்தை மட்டும் கூறி அதனை மறைப்பதும் ஒரே வகைப் பிழையாகும்.

1967 தேர்தல் கூட்டணி

1967 பொதுத்தேர்தலில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சி திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்தது. இவ்விரு தரப்பினரும் முன்பு கடுமையாக மோதியவர்கள். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் "குலக்கல்வித் திட்டம்" என்று கூறித் தி.மு.க. போராடியது. அந்த எதிர்ப்பின் பின்னணியில் 1954இல் இராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது.

தேர்தலில் தி.மு.க. 137 இடங்களையும், சுதந்திராக் கட்சி 20 இடங்களையும் பெற்றன. இராஜாஜியின் 1938 ஆணையும் 1953 திட்டமும் மறக்கப்பட்டதால் இக்கூட்டணி உருவாகவில்லை. காங்கிரஸ் ஆட்சியை அகற்றுதல், இந்தித் திணிப்பை எதிர்த்தல் ஆகிய நோக்கங்களில் இரு தரப்பும் அப்போது ஒன்றுபட்டிருந்தன. ஒருவரின் இன்றைய கருத்தை ஏற்பதும், அவரது பழைய செயலை ஏற்பதும் வெவ்வேறு என்பதை இக்கூட்டணி காட்டுகிறது.

திராவிட நாடு கோரிக்கை

தி.மு.க.வும் தன் அடிப்படைக் கோரிக்கை ஒன்றை மாற்றிக்கொண்டது. 1949இல் தொடங்கப்பட்ட அக்கட்சி திராவிட நாடு தனிநாடாக வேண்டும் என்றது. 1962இல் மாநிலங்களவை உறுப்பினரான அண்ணா, தம் முதல் உரையிலேயே இக்கோரிக்கையை எடுத்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் கட்சி போர் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தது. 1963இல் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தேர்தலில் போட்டியிடுவோர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

சட்டத்துக்கு அஞ்சிய பின்வாங்கல் என்று எதிர்த்தரப்பினர் இதனைச் சாடினர். சூழலை உணர்ந்த முதிர்ச்சி என்று ஆதரவாளர்கள் போற்றினர். பிற்காலச் செயல்களைப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. 1969இல் தி.மு.க. அரசு மத்திய–மாநில உறவுகளை ஆராய இராஜமன்னார் குழுவை அமைத்தது. 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. கோரிக்கையின் வடிவம் மாறிய பின்னும் அதன் உட்கரு தொடர்ந்தது என்பதை இவை உணர்த்துகின்றன. அதே வேளையில், திராவிட நாடு நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கூறி 1961லேயே ஈ. வெ. கி. சம்பத் கட்சியை விட்டு வெளியேறினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவர் கூறியதை ஈராண்டுகளுக்குப் பின் கட்சியே ஏற்றது.

அமெரிக்கா: 2004 தேர்தல்

இவ்வகை விவாதம் எல்லா மக்களாட்சி நாடுகளிலும் உண்டு. 2004 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் சனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி, ஈராக், ஆப்கானித்தான் செலவுகளுக்கான 8,700 கோடி டாலர் நிதி மசோதாவுக்கு எதிராக வாக்களித்தது பற்றிக் கேட்கப்பட்டது. எதிர்த்து வாக்களிக்கும் முன்பு தாம் அதனை ஆதரித்தும் வாக்களித்ததாக அவர் விடையளித்தார். இந்த ஒரு வாக்கியத்தைப் புஷ் தரப்பினர் விளம்பரமாக்கினர். கருத்து மாறுவோரைக் குறிக்கும் "ஃபிளிப் ஃபிளாப்" என்னும் ஆங்கிலத் தொடர் ஹவாய் செருப்பையும் குறிக்கும். எனவே கூட்டங்களில் செருப்புகளை ஆட்டிக் கெர்ரியைக் கேலி செய்தனர்.

நடந்தது வேறு. செல்வந்தர்களுக்கான வரிச் சலுகையைக் குறைத்து அந்த நிதியைத் திரட்ட வேண்டும் என்ற திருத்தத்தையே கெர்ரி ஆதரித்தார். திருத்தம் தோற்றதால் இறுதி மசோதாவை எதிர்த்தார். மறுபுறம், உள்நாட்டுப் பாதுகாப்புக்குத் தனித்துறை தேவையில்லை என்ற புஷ் அரசு 2002இல் அதனை ஏற்றது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரிக்கும் தனி ஆணையத்தையும் அவர் முதலில் விரும்பாமல், பின்பு ஒப்புக்கொண்டார். ஆயினும் நிலை மாறுபவர் என்ற பட்டம் கெர்ரிக்கே ஒட்டியது.

மாறாமையும் சான்றாகாது

ஒரே கருத்தில் நிலைத்து நிற்பது மட்டும் அக்கருத்தைச் சரியாக்கிவிடாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த இராஜாஜி, 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோதும் அதனை எதிர்த்தார். 34 ஆண்டுகளில் அவர் இதில் மாறவில்லை. இந்தியில் மாறியதையும் மதுவில் மாறாததையும் கொண்டு அவரைத் "தடுமாறுபவர்" என்றும் "உறுதியானவர்" என்றும் இரு விதமாகவும் பேச முடியும். மதுவிலக்கு நல்ல கொள்கையா என்ற கேள்விக்கு இவ்விரு பட்டங்களும் விடை தரவில்லை.

மதிப்பிடும் முறை

நிலைப்பாட்டு மாற்றம் பற்றிய குற்றச்சாட்டைக் கேட்கும் வாக்காளர் பின்வரும் கேள்விகளை எழுப்பலாம்:

1. பழைய கூற்று முழுமையாகத் தரப்பட்டுள்ளதா, துண்டாக வெட்டப்பட்டுள்ளதா?
2. மாற்றம் எப்போது நிகழ்ந்தது? தேர்தலுக்குச் சற்று முன்பா, பல ஆண்டுகளுக்கு முன்பா?
3. மாறியதற்குக் காரணம் கூறப்பட்டதா? இடையில் சூழல் உண்மையிலேயே மாறியதா?
4. மாறியதால் அவர் அடைந்தது என்ன, இழந்தது என்ன?
5. மாறிய பின் அவரது செயல் புதிய கருத்தோடு பொருந்துகிறதா?
6. பழைய செயலால் பாதிக்கப்பட்டோர் யார்? அவர்களுக்கு அவர் என்ன பதில் கூறினார்?
7. இதே அளவுகோல் தாம் ஆதரிக்கும் கட்சிக்கும் பொருத்தப்படுகிறதா?

ஏழாவது கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. தம் கட்சித் தலைவர் மாறினால் "சூழலுக்கேற்ற முடிவு" என்றும், மாற்றுக் கட்சித் தலைவர் மாறினால் "சந்தர்ப்பவாதம்" என்றும் கூறுவது கட்சி விவாதங்களின் பொது இயல்பாக உள்ளது.

சான்றுகளைத் தேடுவது இன்று கடினமன்று. சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் உறுப்பினர்களின் உரைகள் பதிவாகியுள்ளன. கட்சிகளின் பழைய தேர்தல் அறிக்கைகளும் நாளிதழ்களும் நூலகங்களில் கிடைக்கின்றன. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொடர்ந்து, வேட்பாளர்கள் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கல்வி ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். அப்பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். மேடையில் ஒருவரைப் பற்றிக் கேட்ட செய்தியை வாக்களிக்கும் முன் இப்பதிவுகளோடு ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.