தக்காளியின் பக்கத் தளிரைக் கிள்ளலாமா?

வீட்டுக் கொல்லையில் நான்கு தக்காளிச் செடிகள் செழித்து நின்றால், ரசத்திற்கும் குழம்பிற்கும் கடையை நாட வேண்டியதில்லை. ஆனால் நட்ட சில வாரங்களில் செடி புதராய் மண்டி, இலை மிகுந்து காய் குறைந்து நிற்பதைக் கண்டு மனம் சோர்வோர் பலர். "பக்கத் தளிர்களையெல்லாம் கிள்ளிவிடுங்கள்" என்பார் ஒருவர். "செடியில் கை வைக்காதீர்கள்" என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எச்செடிக்கு எது பொருந்தும் என்று அறிவதே முதற் கடமை.

தக்காளியில் இரு பெரும் வகைகள் உள்ளன. முதலாவது, நுனி ஓயாது வளர்ந்துகொண்டே செல்லும் நெடிய வகை. புதுடெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் 'பூசா ரூபி' இவ்வினத்தைச் சேர்ந்தது. மற்றது, ஓரளவு வளர்ந்ததும் நுனியிலேயே பூங்கொத்து தோன்றி, வளர்ச்சி நின்றுவிடும் குட்டை வகை. கோயம்புத்தூரில் உருவான 'கோ 3' என்னும் மருதம் இதற்குச் சான்று. குட்டை வகையில் விளைச்சலின் பெரும்பகுதியைத் தாங்குபவை பக்கக் கிளைகளே. அவற்றைக் களைந்தால் காயையே களைந்தவராவோம்.

நாற்றின் பெயர் தெரியாவிடில் செடியையே உற்றுநோக்குக. ஏறத்தாழ மூன்று இலைகளுக்கு ஒரு பூங்கொத்து தோன்றினால் அது நெடிய வகை. ஓரிரு இலைகளுக்கு ஒன்றாக நெருங்கித் தோன்றினால் குட்டை வகை.

நெடிய வகைக்கு ஊன்றுகோல் நட்டு, வாழைநாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். தண்டும் இலைக்காம்பும் சேரும் இடுக்கில் முளைப்பதே பக்கத் தளிர். பூங்கொத்தோ இடுக்கிலன்றித் தண்டிலிருந்தே நேராகக் கிளம்பும். இவ்வேறுபாட்டை அறியாது கிள்ளினால் பூவை இழப்போம். தளிர் விரல் நீளம் வளருமுன், ஈரமற்ற காலை வேளையில், விரல்களால் ஒடித்துவிடலாம். முதற் பூங்கொத்துக்குக் கீழேயுள்ள தளிர் மிக வலியது. அதை மட்டும் விட்டுவைத்து இரு தண்டுகளாக வளர்ப்பதும் நன்று. மண்ணைத் தொடும் அடி இலைகளை அகற்றினால், மழைத்துளியுடன் தெறிக்கும் நோய்க்கிருமிகள் ஏறுவது குறையும்.

இவ்வாறு செய்வதால் காய்கள் சற்றுப் பெரியனவாகவும் முந்தியும் கிடைக்கும், காற்றோட்டம் கூடும். ஆனால் காய்களின் எண்ணிக்கை குறையும் என்பதை மறக்கலாகாது. நம் நாட்டுக் கோடையில் மிகுதியாகக் களைவது பெருந்தவறு. இலை நிழலிழந்த காயை வெயில் சுட்டு, தோல் வெளுத்துச் சுருங்கிக் கெடும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் இலைகளை அப்படியே விட்டுவிடுக.

மற்றொரு எச்சரிக்கை: இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்த்தும் நச்சுயிரி நோய் கைவழியே பரவும். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பத்துச் செடிகள். எனவே பீடி, சுருட்டு பிடிப்போர் சோப்பால் கை கழுவிய பின்னரே செடியைத் தொட வேண்டும். நோயுற்ற செடியை இறுதியாகவே தொடுக.

நலமான செடியில் கிள்ளிய தளிர்களை வீணாக்க வேண்டாம். கீழ் இலைகளை நீக்கி, நிழலில் ஈரமண்ணில் ஊன்றினால் விரைவில் வேர்விடும். விதையில்லாமலே புதுச்செடி கிடைக்கும்; அண்டை வீட்டாருக்கும் ஒன்று கொடுக்கலாம்.