பி பக்கத்தில் மெட்டாலிகா

2011 தீபாவளிக்கு ஊரில் பாதிப் பேர் 'ஏழாம் அறிவு' பார்க்கப் போனார்கள், மீதிப் பேர் 'வேலாயுதம்' பார்க்கப் போனார்கள். நான் இரண்டுக்கும் போகவில்லை. கையிலிருந்த காசு மொத்தமும் வேறொரு டிக்கெட்டுக்குப் போயிருந்தது. அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அரண்மனை மைதானம், மெட்டாலிகா.

"எதுக்குடா பெங்களூரு?" என்றாள் அம்மா.

"பேண்டு ஒண்ணு வருதும்மா."

"யாருக்குக் கல்யாணம்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திருப்பத்தூரில் பேண்டு என்றால், மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக டிரம்பெட் ஊதிக்கொண்டு நடப்பவர்கள்தான். அமெரிக்காவிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், 30 வருஷமாக வாசிக்கிறார்கள், இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "சாமி பாட்டா?" என்று கேட்டுவிட்டு அதிரசம் பொட்டலம் கட்டப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. எனக்கு மெட்டாலிகா வந்து சேர்ந்ததே சாமி பாட்டோடுதான்.

ரெக்கார்டிங் சென்டர் இல்லாத ஊர் இல்லை என்றிருந்த காலம் அது. வெற்றுக் காசெட்டும், வேண்டிய பாட்டுகளை எழுதிய துண்டுச் சீட்டும் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து கொடுப்பார்கள். அப்பா ஒரு 90 நிமிட டிடிகே காசெட்டின் 'ஏ' பக்கம் முழுக்க டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டுகளைப் பதிந்து வைத்திருந்தார். 'பி' பக்கம் காலி. சென்னையில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகன் லீவுக்கு வந்தபோது, அந்தக் காலிப் பக்கத்தில் மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பத்தைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார்.

1991-ல் வந்த ஆல்பம். குழுவின் பெயர்தான் அதற்கும் பெயர். மொத்தம் 12 பாட்டு, 62 நிமிடத்துக்குச் சற்று மேல். காசெட்டின் ஒரு பக்கமோ 45 நிமிடம். எட்டாவது பாட்டான 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' முழுதாகப் பதிந்தது. ஒன்பதாவது இரண்டரை நிமிடம் ஓடி நடுவிலேயே நாடா தீர்ந்துவிட்டது. என் வாக்மேன் ஆட்டோ ரிவர்ஸ். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி டி.எம்.எஸ். முருகனைக் கூப்பிடுவார். வருஷக்கணக்கில் அப்படித்தான் கேட்டேன். மெட்டாலிகா பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் உறுமலும் டி.எம்.எஸ்ஸின் கணீர்க் குரலும் என் காதுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். கடைசி மூன்று பாட்டுகள் என்று சில இருப்பதே பின்னால் சிடி வாங்கியபோதுதான் தெரிந்தது.

பாடல் வரிகள் அச்சிட்ட தாளும் கிடையாது. காதில் விழுந்ததை நானே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். தமிழ் மீடியக் காது. பாதிக்கு அர்த்தமே வராது. ஆனாலும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன், அதைத்தான் மொட்டை மாடியில் கத்தினேன்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். வெள்ளிக்கிழமை டெல்லியை அடுத்த குர்கானில் நடக்க வேண்டிய முதல் நிகழ்ச்சி நடக்கவில்லை. மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு வேலி உடைந்துவிட்டது. மறுநாளைக்குத் தள்ளிவைப்பு என்றார்கள், பிறகு ஒரேயடியாக ரத்து என்றார்கள். ஆத்திரத்தில் ஒரு கூட்டம் மேடையில் ஏறிக் கருவிகளை உடைத்ததை டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. ஏற்பாட்டாளர் தரப்பில் கைதுகளும் நடந்தன.

ஒரு வேலிக்காக இவ்வளவா என்று அன்று எனக்கும் எரிச்சல்தான். அந்த வேலி வெறும் தடுப்பு இல்லை என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் அடியில் ஒரு தகடு கூட்டத்தின் பக்கமாக நீண்டிருக்கும். முன்வரிசை ஆட்கள் அதன்மேல்தான் நிற்பார்கள். அவர்கள் எடையே வேலியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கும். அப்புறம் யாரும் தன் காலால் நிற்பதில்லை. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு முன் நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் பிறந்த நாடு அது. குர்கானில் அவர்கள் மேடை ஏறாதது சரி என்றுதான் இன்று சொல்வேன். அன்று கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பெங்களூரில் உண்டு என்று உறுதியானதும், ஞாயிறு காலை ஜோலார்பேட்டையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். பெட்டி முழுக்கத் தீபாவளி முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள், முறுக்கு டப்பாக்கள், புதுத்துணி வாசம். அவற்றுக்கு நடுவே, சென்னையிலிருந்தே உட்கார்ந்து வந்த ஏழெட்டுக் கறுப்பு டி-ஷர்ட்டுகள். என் சட்டையைப் பார்த்ததும் ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். பெயர்கூடக் கேட்கவில்லை. "ஓரியன் வாசிப்பாங்களா, ப்ரோ?" என்றுதான் கேட்டான். என் ஊரில் மெட்டாலிகா பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லி ஒருத்தரிடமும் பேசியதில்லை. குப்பம் தாண்டுவதற்குள் அம்மாவின் அதிரசம் தீர்ந்துவிட்டது.

ஏன் பெங்களூர், ஏன் சென்னை இல்லை என்று சென்னைக்காரர்கள் வழியெல்லாம் புலம்பினார்கள். பழைய புலம்பல்தான். சென்னைக்கு மார்கழி இருக்கிறது, சபா இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. ராக் என்றால் ஐஐடி சாரங் போன்ற கல்லூரி விழாக்களோடு சரி. பெங்களூருக்கு நகரின் நடுவிலேயே அரண்மனை மைதானம் கிடைத்துவிட்டது. பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் 2002-ல் அங்கே வாசித்தார், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-ல், அயர்ன் மெய்டன் 2007-ல். மண் பழகிவிட்டது.

வாசலில் வரிசை நகரவே இல்லை. தண்ணீர் பாட்டில், பெல்ட், பேனா, சில்லறைக் காசு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, உள்ளே அதே தண்ணீரை மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். திருவிழாக் கடைக்காரர்களுக்காவது கொஞ்சம் வெட்கம் உண்டு.

உள்ளே எல்லார் கையும் ஒரே முத்திரையில் இருந்தது: ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டி, நடு இரண்டை மடக்கி. கொம்பு. மெட்டல் உலகில் இதைப் பரப்பியவர் பிளாக் சப்பாத் குழுவில் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ. சாத்தான் முத்திரை என்று பலர் பயப்படுவார்கள். டியோ இதைக் கற்றது இத்தாலியப் பாட்டியிடம். பாட்டி அதைக் காட்டியது கண்ணேறு கழிய. திருஷ்டிப் பூசணிக்காய்க்கு இத்தாலிய விரல். ஊருக்குப் போனதும் அம்மாவுக்கு நான் புரியவைத்த ஒரே விஷயம் இதுதான். உடனே ஒத்துக்கொண்டாள்.

ஸ்காட்லாந்தின் பிஃபி கிளைரோ வாசித்து முடித்து இருட்டும் ஆனது. திரையில் பழைய கௌபாய் படம் ஒன்று ஓடியது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி'யில் ஒருவன் இடுகாட்டில் கல்லறைகளுக்கு நடுவே தங்கத்தைத் தேடி ஓடும் காட்சி, என்னியோ மோரிக்கோனேயின் இசை. மெட்டாலிகா 1983-லிருந்து மேடை ஏறுமுன் ஒலிக்கவிடும் இசை அது. நமக்கு வாதாபி கணபதி மாதிரி என்று வையுங்கள். அந்த ஸ்வரங்கள் எழும்பியதும் கூட்டம் அதைப் பாடத் தொடங்கியது. வார்த்தையே இல்லாத மெட்டை. எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துக்கொண்டது.

முதல் பாட்டு 'கிரீப்பிங் டெத்'. முதல் அடி காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. வாக்மேனால் ஒருநாளும் தர முடியாதது அது. கீழ் ஸ்தாயி ஒலியைக் காதோடு சேர்ந்து உடம்பும் வாங்கிக்கொள்கிறது. சட்டைத்துணி அதிர்வது தோலுக்குத் தெரிகிறது. நான் நின்ற இடம் மேடையிலிருந்து நூறு மீட்டராவது இருக்கும். ஒலிக்கு அந்தத் தூரம் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். ஆகவே லார்ஸின் குச்சி இறங்குவது முதலில், சத்தம் பிறகு. மின்னலும் இடியும் போல. ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டும்: பார்த்ததில் பெரும்பகுதி திரையில்தான். நேரில் அவர்கள் நாலு பேரும் கொலுப்படியின் மேல் தட்டுப் பொம்மைகள் அளவுதான் இருந்தார்கள்.

வாசிப்பில் குறை இல்லாமலும் இல்லை. லார்ஸ் பல இடங்களில் அவசரப்பட்டார், காசெட்டில் கேட்ட நடை இல்லை. 2008 ஆல்பத்தின் பாட்டுகள் வந்தபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் தேடிக் கிளம்பினார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் மாமாக்கள் போண்டா தேடிக் கிளம்புவதில்லையா, அதேதான். மோசமில்லை அந்தப் பாட்டுகள். ஆனால் அவை யாருக்கும் பத்தாம் வகுப்பில் கேட்டவை இல்லை.

நான் தயாராக இல்லாதது ஒன்று: சுற்றி நின்றவர்களின் தப்பு. மலையாளி, மணிப்பூரி, ஹைதராபாத்காரன், கோவைக்காரன், எல்லாரும் அடிவயிற்றிலிருந்து பாடுகிறார்கள். எல்லாரும் தப்பாகப் பாடுகிறார்கள். 'சேட் பட் ட்ரூ'வில் என் நோட்டில் இருந்த அதே அர்த்தமில்லாத சொல்லை எனக்கு முன்னால் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டு உச்சரித்தான். எந்த ஊரோ, எந்தக் காசெட்டோ. அவனுக்கும் அந்தத் தாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ரயில் நண்பன் கேட்ட 'ஓரியன்' பத்தாவதாக வந்தது. 1986-ல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் இருக்கும், பாட்டே இல்லாத எட்டு நிமிட வாத்திய இசை. அதை எழுதியதில் பெரும் பங்கு அப்போதைய பேஸ் கிடார்காரர் கிளிஃப் பர்ட்டனுடையது. அதே வருஷம் செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து அவர் இறந்தார். வயது 24. அவரது இறுதிச் சடங்கில் இதைத்தான் ஒலிக்கவிட்டார்கள். பெங்களூரில் அவர் இடத்தில் ராபர்ட் ட்ரூஹியோ நின்று வாசித்தார். நடுப்பகுதியில் வேகமெல்லாம் அடங்கி பேஸ் மட்டும் தனியாக நடந்துவரும் இடம் ஒன்று உண்டு. அதுவரை குதித்துக்கொண்டிருந்த கூட்டம் அங்கே அசையாமல் நின்றது. துக்க வீட்டு வாசலில் பறை நின்ற பிறகு ஒரு அமைதி வருமே, அது. அன்றைய இரவில் எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால் இந்த ஓர் இடத்தைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் கொண்டாட்டம்.

அடுத்து 'ஒன்'. முதல் உலகப் போரில் கை, கால், கண், காது எல்லாம் இழந்து மூளை மட்டும் விழித்திருக்கும் சிப்பாயின் கதை. டால்டன் ட்ரம்போவின் 1939 நாவலிலிருந்து பிறந்தது. குண்டுச் சத்தத்தோடுதான் தொடங்கும். தீபாவளி முடிந்து நாலே நாள் என்பதால் பின்னாலிருந்து யாரோ, "ஆயிரம் வாலாடா!" என்று தமிழில் கத்தினார். நம்மூர்க்காரன் எங்கேயும் இருப்பான்.

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' வந்தது. முப்பதாயிரம் பேர் இருக்கலாம் என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். அத்தனை பேரும் மெதுவாகப் பாடினார்கள். கடைசி கிடார் தந்தி அடங்கும்போது என் காது தானாக ஒன்றுக்குத் தயாரானது. இரண்டரை நிமிடம், 'டக்', முருகன். அதற்குப் பதிலாக 'எண்டர் சாண்ட்மேன்' தொடங்கியது. மொத்த மைதானமும் குதிக்கிறது, நான் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் இருந்தவனிடம் காரணத்தை எப்படிச் சொல்வது?

இரண்டு மணி நேரம், 18 பாட்டு. இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி; அதனால் ஊருக்குத் திரும்ப நேரம் கிடைத்தது. கன்டோன்மென்ட் வரை நடந்தே வந்தோம். ரயில் நண்பன் என்னிடம் என்னவோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

மூன்று நாள் காதில் 'கீ' என்ற சத்தம் நிற்கவில்லை. அம்மா கூப்பிட்டால் கேட்காது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் போய்விட்டது. எல்லாருக்கும் போகும் என்று நினைக்காதீர்கள். நூறு டெசிபல் சத்தத்தில் காது பத்திரமாக இருக்கக்கூடியது ஏறக்குறைய 15 நிமிடம்தான் என்கிறது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அன்று டிரம்ஸ் அடித்த லார்ஸுக்கே காதிரைச்சல் நோய் உண்டு. அதை அவரே பல தடவை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆகவே, முதல்முறை கச்சேரிக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு போதாது.