களத்தரவுத் திரட்டலின் முடிவெல்லை: ஒப்பாரிப் பாடல் ஆய்வை முன்வைத்து

சங்க இலக்கியத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்பவருக்குத் தரவின் எல்லை முன்னரே அமைந்துவிடுகிறது. 2381 பாடல்கள் உள்ளன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை என்பதும் அறிந்ததே. நாட்டார் வழக்காற்றைத் தேர்ந்துகொண்ட முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அத்தகைய எல்லை இல்லை. ஒரு சிற்றூரின் ஒப்பாரிகள் அனைத்தையும் திரட்டிவிட்டதாக எவரும் கூற இயலாது. அடுத்த இழவில் இன்னொரு பாடல் பிறக்கும். ஆகவே, திரட்டலை எவ்விடத்தில் நிறுத்துவது என்பது ஆய்வுநெறி சார்ந்த வினாவாகிறது. ஆய்வேடுகள் பலவற்றில் இவ்வினா எழுப்பப்படுவதே இல்லை.

விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதை உருவியல் நூலில் இதற்கு ஒரு விடை உண்டு. அவர் எடுத்துக்கொண்டவை நூறு ருசியக் கதைகள். புதிய கதைகள் புதிய வினைக்கூறு எதனையும் தாராத நிலையில் திரட்டலை நிறுத்தலாம் என்பது அவர்தம் கொள்கை. அவர் கண்ட வினைக்கூறுகள் 31. கிளேசரும் ஸ்ட்ராசும் 1967இல் முன்வைத்த 'கோட்பாட்டு நிறைவுநிலை' என்பதும் இதற்கு நெருங்கியதே. இரண்டிலும் எண்ணப்படுவது பனுவல் அன்று, வகைக்கூறு. நூறு என்னும் எண்ணை மட்டும் பிராப்பிடமிருந்து கடன் பெறுவதால் பயனில்லை.

எனினும், இவ்வளவுகோலை ஒப்பாரிக்கு அப்படியே பொருத்த இயலாது. இழவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் அமங்கலம் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆய்வாளர் வேண்டிக் கேட்கும்போது பெண்கள் மறுப்பர். அல்லது வீட்டைவிட்டு விலகி, வயலோரத்திலோ மரத்தடியிலோ அமர்ந்து பாடுவர். அங்கு நினைவிலிருந்து வருபவை பெரும்பாலும் கணவன், தாய், தந்தை என்னும் உறவுமுறை சார்ந்த பொதுப்பாடல்கள். அவற்றில் விளிகளும் உவமைகளும் விரைவில் திரும்பத் திரும்ப வரும். தரவு நிறைவுற்றதென ஆய்வாளர் முடிவுசெய்ய இதுவே போதும்.

இழவு வீட்டு நிலை வேறு. ஒருவரையொருவர் தோளணைத்து அழும் பெண், அங்குக் கிடத்தப்பட்டவரைப் பாடத் தொடங்கி, என்றோ இறந்த தன் தாய்க்கு அழுவாள். சீர் கொண்டுவராத அண்ணனைச் சாடுவாள். புகுந்த வீட்டின் கொடுமையை அவ்வீட்டார் செவிபடவே பாடுவாள். கேட்போர் மாறும்போது பாடலின் பொருளும் மாறுகிறது. எனவே மரத்தடியில் எய்தப்பெறும் நிறைவுநிலை, கேட்டுப்பெறும் முறையின் எல்லையையே காட்டும். ஒப்பாரி என்னும் வகைமையின் எல்லையை அது காட்டாது. இரு சூழல்களுக்கும் நிறைவுநிலையைத் தனித்தனியே கணித்தல் வேண்டும்.

இழவு வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவது எளிதன்று; அது முறையா என்பதும் ஐயமே. உடனிருந்து கேட்டுக் குறிப்பெடுத்து, சில மாதங்கள் கழித்துப் பாடியவரிடமே ஒப்புதல் பெற்று விளக்கம் கேட்பது பொருந்தும். அவர் மறுத்தால் அப்பாடலை விட்டுவிட வேண்டியதுதான்.

உதவித்தொகைக் காலம் முடிவதாலும் ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்குவதாலும் களப்பணி நிற்பதுண்டு. அதில் குறையில்லை, மறைப்பதே குறை. ஒவ்வொரு பாடலும் பெறப்பட்ட நாள், சூழல், அப்பாடலில் முதன்முறையாகத் தோன்றிய வகைக்கூறு ஆகியவற்றைப் பின்னிணைப்பில் அட்டவணையாகத் தரலாம். இறுதியாகப் பெற்ற பாடல்களிலும் புதிய கூறுகள் வந்துகொண்டிருந்தனவா என்பதைப் படிப்பவர் அதிலிருந்தே அறிவர். அவ்வட்டவணை இல்லாத ஆய்வேட்டில், உடன்பிறந்தான்மீது குறைகூறும் ஒப்பாரிகள் அரியன என்றொரு முடிவு காணப்படின், அவை உண்மையில் அரியனவா, மரத்தடியில் பாடப்படாதனவா என்பதைப் பின்வரும் ஆய்வாளர் அறிய வழியில்லை.