சாலை தரும் தண்ணீர்

வற்றாத ஆறு எதுவும் பாயாத செட்டிநாட்டுச் சீமையில் வானம் பொழிவதே நமக்கு வரவு. கண்மாயும் ஊருணியுமே நமது பெட்டகம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து சேரும் நீரைக் கொண்டுதான் தையில் நெல் அறுக்கிறோம். பங்குனி வெயிலில் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறோம். ஆகவே, நீர் எந்த வழியாக வருகிறது, வரும்போது எதைச் சுமந்து வருகிறது என்று பார்ப்பது, சங்கத்தின் வரவு செலவைப் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்த காரியமன்று. அந்தக் கணக்கில் இதுகாறும் நம்மில் பலர் எழுதாமல் விட்ட இனம் ஒன்று உண்டு. அது தார்ச்சாலை.

மானகிரியில் கண்டது

காரைக்குடியிலிருந்து மதுரை செல்லும் பெருஞ்சாலையில் மானகிரி இருக்கிறது. பேருந்தும் சரக்கு லாரியும் காரும் இரவு பகல் ஓயாமல் செல்லும் வழி அது. நெடுநாள் வெயிலுக்குப் பின் ஒரு மாலை பெய்த மழை ஓய்ந்த சமயம், அப்பகுதியில் சாலையோரத்துச் சிறுபாலம் ஒன்றின் அருகே நாம் நின்றிருந்தோம். முதலில் வந்த நீர் கறுத்திருந்தது. அதன்மேல் எண்ணெய்ப் படலம் வானவில் போல் நிறம் காட்டியது. நெகிழிப் பைகளும் தேய்ந்த டயர் துணுக்குகளும் அதனுடன் மிதந்து சென்றன. கால் மணி நேரம் கழித்து வந்த நீரோ, நம் மண்ணின் செந்நிறத்தை மட்டுமே கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வரத்துக்காலில்தான் விழுந்தன.

அங்கே வந்து நின்ற முதியவர் ஒருவர், நெல் பயிரிடுபவர், நம்மிடம் கேட்டார்: “ஐயா, இந்தத் தண்ணீர் வேண்டாமென்று வாயில் மண்ணைப் போட்டு அடைத்தால் கண்மாய் பாதியில் நின்றுபோகும். வரட்டும் என்று விட்டால் எண்ணெயும் சேர்ந்து வருகிறது. நாங்கள் எதைச் செய்வது?”

அவர் கேட்டது மானகிரிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. பெருஞ்சாலையை ஒட்டிய ஒவ்வொரு கண்மாய்க்கரையிலும் எழவேண்டிய கேள்வி அது. இக்கட்டுரை அதற்கு விடை காணும் முயற்சியாகும்.

வரவு எவ்வளவு?

முதலில் தண்ணீரின் அளவைப் பார்ப்போம். பத்து மீட்டர் அகலமுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு 10,000 சதுர மீட்டர். அதாவது ஒரு ஹெக்டேர். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் ஐந்து லட்சம் லிட்டர். வயலிலும் பொட்டலிலும் விழும் மழையில் பெரும்பங்கை மண் குடித்துவிடும். தார்ச்சாலை குடிப்பதில்லை, ஏறக்குறைய முழுவதையும் ஓரத்திற்குத் தள்ளிவிடுகிறது. இவ்வளவு நீரை வேண்டாமென்று ஒதுக்குவது, நீருக்கு ஏங்கும் நாட்டில் அறிவுடைமையாகாது.

சாலைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது நீண்டதொரு கரை. மேட்டுக்கும் பள்ளத்திற்கும் குறுக்கே சாலை உயர்ந்து நிற்கையில், பழைய நீரோட்டமெல்லாம் சிறுபாலங்களின் வழியாக மட்டுமே கடக்க இயலும். அவ்வழி மண் மேவி அடைபட்டால், ஒரு புறத்தில் பயிர் அழுகும். மறு புறத்தில் கண்மாய் காயும். ஆகவே சிறுபாலம் சாலையின் உறுப்பு மட்டுமன்று, கண்மாயின் உறுப்புமாகும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

நெசவாளரும் விவசாயிகளும் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பெற்றது. பாசனத்திற்கென எழுந்த அவ்வணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, நிலமும் கிணறும் கெட்டன. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் விதிமீறிய சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அங்கே அழுக்கிற்கு ஒரு குழாய் இருந்தது. குழாய்க்கு ஓர் உடையவர் இருந்தார். ஆகவே வழக்குத் தொடுக்க முடிந்தது. சாலை அழுக்கிற்கோ தனி உடையவர் எவரும் இல்லை. சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் சிறிது சிறிதாகச் சிந்திச் செல்கிறது.

டயர் தேயும்போது உதிரும் தூளில் துத்தநாகம் இருக்கிறது. பிரேக்கு தேயும்போது செம்பு உதிர்கிறது. எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. புகைக்கரி படிகிறது. முன்னாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. இந்தியாவில் அது 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எனினும் ஈயம் மக்கிப்போகும் பொருளன்று. ஆதலால் பழைய சாலைகளின் ஓரமண்ணில் அது இன்னும் தங்கியிருக்கக்கூடும். மழையில்லாத நாட்களில் இவை யாவும் தூசியோடு தூசியாகச் சாலையில் படிந்து காத்திருக்கின்றன. முதல் மழை அவற்றைத் திரட்டி ஓட்டிக்கொண்டு வருகிறது. நாம் கண்ட கறுத்த நீரின் காரணம் இதுவே. வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளமே மிகக் கெட்டது. பின்னால் வருவது பெரும்பாலும் தெளிந்தது.

இதனை வெறும் அசூயை என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளில், கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் கோஹோ என்ற இனத்துச் சாமன் மீன்கள், மழை பெய்தவுடன் முட்டையிடுமுன்பே மாண்டு மிதந்துவந்தன. பல ஆண்டுகள் காரணம் விளங்கவில்லை. 2020 டிசம்பரில் ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டு வெளியிட்டனர். டயர் ரப்பர் வெடிக்காதிருப்பதற்காகச் சேர்க்கும் ஒரு ரசாயனம், காற்றிலுள்ள ஓசோனுடன் கூடி வேறொரு நஞ்சாக மாறுகிறது; சாலை நீருடன் ஓடையில் கலந்த அந்நஞ்சே மீன்களைக் கொன்றது. எல்லா மீனினங்களுக்கும் அது அவ்வளவு கொடியதன்று என்பதும் உண்மை. ஆயினும், கண்ணுக்குப் புலப்படும் எண்ணெயை மட்டும் அஞ்சினால் போதாது என்பதை அது காட்டிவிட்டது.

இக்கதையின் மற்றொரு பாதியே நமக்கு அதிகம் பயன்படுவது. அதே பகுதியில், சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணடுக்கின் வழியாக வடியவிட்டு, அந்நீரில் மீன்களை விட்டுப் பார்த்தார்கள். வடிக்காத நீரில் மீன்கள் செத்தன. வடித்த நீரில் பிழைத்தன. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. மண்ணே அந்த வேலையைச் செய்தது.

முன்னோர் காட்டிய முறை

மண்ணைக் கொண்டு நீரைத் தெளியவைப்பது நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக்கூரை நீர் வளவில் இறங்கி, வடிகால் வழியே தெருவை அடைந்து, ஊருணிக்கோ கண்மாய்க்கோ செல்லுமாறு ஊர்கள் திட்டமிடப்பட்டன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் இடம்பெற்றபோது, இந்நீர் ஏற்பாடும் அவற்றின் சிறப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஊருணிக்கு வரும் நீர் வழியில் புல்லிலும் மணலிலும் தங்கித் தெளிந்தே வந்தது. காரைக்குடிக்குக் குடிநீர் தந்துவரும் சம்பை ஊற்றின் பெருமையும், நிலம் நீரை வடித்துக் காக்கும் பெருமையே அல்லவா? அக்காலத்து நீரில் எண்ணெயும் டயர் தூளும் இல்லை, இன்று இருக்கின்றன. ஆகவே முறை அதுவே. கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

செய்யத்தக்கது என்ன?

முதியவரின் கேள்விக்கு விடை இதுதான்: வாயை அடைக்கவும் வேண்டாம், வந்தபடியே ஏற்கவும் வேண்டாம், நிறுத்தி, தெளியவைத்து, பிறகு ஏற்கவேண்டும். அதற்குரிய படிகள் மூன்று.

முதலாவது, புல் வாய்க்கால். சாலையோரத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால் அமைத்து, அதில் அருகு அல்லது வெட்டிவேர் வளர்க்கவேண்டும். சரிவுள்ள இடங்களில் ஆங்காங்கே கல்லடுக்கிச் சிறு தடுப்புகள் வைத்தால் நீர் நின்று நின்று செல்லும். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள அத்தகைய வாய்க்காலில் பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே அது ஒரு லட்சம் லிட்டராகும். முன்னர் நாம் கணக்கிட்ட முதல் 10 மில்லிமீட்டர் மழை முழுவதும் அதில் அடங்கிவிடும்! கெட்ட நீரின் பெரும்பகுதி இவ்வாறு புல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சிமெண்டு பூசிய வாய்க்கால் பார்வைக்கு அழகாயிருக்கலாம். ஆனால் அது அழுக்கை விரைவாகக் கொண்டுசேர்க்குமேயன்றித் தெளியவைக்காது.

இரண்டாவது, தெளிவுக் குழி. வரத்துக்கால் கண்மாயில் சேருமுன் ஒரு குழி வேண்டும். மணலும் கனத்த தூளும் அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதக்கும். நடுவிலுள்ள நீரே ஒப்புநோக்கத் தூயது. ஆகவே வெளியேறும் குழாயின் வாய், குழிக்குள் நீர்மட்டத்திற்குக் கீழே வளைந்து இறங்கியிருக்கவேண்டும். இச்சிறு ஏற்பாடு இல்லையேல் எண்ணெயே முதலில் வழிந்தோடும்.

மூன்றாவது, மணலும் மக்கிய உரமும் கலந்த வடிப்படுக்கை. குழியைத் தாண்டிய நீர் இதனுள் இறங்கிக் கண்மாய்க்குச் செல்லலாம். நீரில் கரைந்து வரும் உலோகங்களில் பெரும்பங்கை இது பிடித்துக்கொள்ளும்.

இவற்றோடு மூன்று எச்சரிக்கைகளும் உண்டு. சாலை நீரை வடிக்காமல் நேரே ஆழ்துளைக் கிணற்றிலோ உறிஞ்சு கிணற்றிலோ இறக்கலாகாது. அழுக்கை நிலத்தடிக்கு அனுப்பிய பிறகு அதனை மீட்க வழியில்லை. குடிநீர் ஊருணிக்குச் சாலை நீரை அறவே விடக்கூடாது. கண்மாய் வண்டலை வயலுக்கு இடுவது நல்ல பழக்கமே. ஆனால் தெளிவுக் குழியில் சேரும் கறுத்த சேற்றைக் கீரைப் பாத்திக்கோ நெல் வயலுக்கோ போடக்கூடாது. அதனைத் தனியே வாரி, அதிகாரிகள் காட்டும் இடத்தில் சேர்க்கவேண்டும்.

யார் செய்வது?

சாலையோர நிலம் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அனுமதியின்றி அங்கே மண்வெட்டி போடுவது தவறு. சாலையின் அடித்தளத்திற்கும் கேடு. பொறியாளர்க்குத் தண்ணீர் சாலையின் பகை. ஆகவே அதனை விரைவாக அப்புறப்படுத்தவே அவர் விரும்புவார். நமக்கோ தண்ணீர் உயிர். இவ்விரு நோக்கங்களும் முரண்பட்டவை அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் திருத்தி வெளியிட்ட சாலை வடிகால் வழிகாட்டி நெறிகளே மழைநீர் சேகரிப்பையும் பேசுகின்றன. சாலையிலிருந்து விலக்கிய நீரை எங்கே நிறுத்தவேண்டும் என்று காட்டவல்லவர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம் அறிந்த நாமே.

ஆதலின் நமது சங்கங்கள் செய்யத்தக்க முதற்காரியம் ஒரு வரைபடம். தத்தம் ஊர் எல்லையில் சாலைக்குக் கீழே எத்தனை சிறுபாலங்கள் உள்ளன, எவை அடைபட்டுள்ளன, எந்த வாய் எந்தக் கண்மாய்க்குச் செல்கிறது என்று அங்கத்தினர் நடந்து பார்த்துக் குறிக்கலாம். கிராம சபையில் அதனை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்பலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்பட்டிருக்கிறது. இதற்கு அதனினும் பொருத்தமான நாள் வேறில்லை. புரட்டாசி முடியுமுன் வாய்களைத் தூர்வாரச் செய்தால் முதல் மழை வீணாகாது.

பட்டறை வைத்திருப்போர், டிராக்டர் உடையோர் கழிவு எண்ணெயைச் சாலையோரத்தில் ஊற்றாமல், தகரத்தில் சேர்த்துப் பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளர்க்கே தரவேண்டும். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளும் கழிவு எண்ணெயை அவ்வாறே கையாளச் சொல்கின்றன.

நெசவாள அங்கத்தினர், “இது விவசாயிகள் விஷயம்” என்று இருந்துவிடலாகாது. நீரில் இரும்பும் செம்பும் எண்ணெயும் கலந்தால் நூலில் சாயம் சீராக ஏறாது, நிறம் மங்கும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறத்திற்கு நற்சாயம் போலவே நல்ல நீரும் வேண்டும். கண்மாய் நீர் நிலத்தடியில் ஊறித்தானே நம் கிணறுகளுக்கு வருகிறது?

தனியொருவர் வாயை அடைத்தால் அடுத்தவர் வயல் மூழ்கும்; தனியொருவர் குழி வெட்டினால் அடுத்த மழையில் தூர்ந்துபோகும். பலர் கூடி ஒரு வரத்துக்காலைப் பேணினால்தான் பலன் உண்டு. கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவேயன்றோ? நாம் விடைபெறும்போது மானகிரிப் பெரியவர், “நீங்கள் எழுதுங்கள் ஐயா, வாய்க்கால் வெட்ட நான் முதலில் வருகிறேன்” என்றார். நாம் எழுதிவிட்டோம். இனி அவரவர் ஊர்ச் சாலையோரத்திற்கு அங்கத்தினர்கள் ஒருமுறை சென்று வருவார்களாக. மழை பெய்யும்போதே சென்று பார்ப்பது நல்லது.